ஒருதலைத் தீர்ப்பாணையும் அதை நீக்கிக்கொள்ளும் மார்க்கமும்

திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்பவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் கொட்டிவாக்கம், 2011 வரையில் காஞ்சிபுரம் ஜில்லாவின் ஊராட்சிகளில் ஒன்றாயிருந்து, அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வந்து, 2018 இல் வருவாய் நிர்வாகத்திலும் சென்னை ஜில்லாவோடு சேர்ந்துவிட்ட ஊர். ஒரே வீட்டுக்கு மனைப்பிரிவுக் காலத்துப் பிளாட் எண் ஒன்று, பழைய கதவெண் ஒன்று, புதிய கதவெண் ஒன்று என்று பல எண்கள் வழங்குவதும், பக்கத்துப் பக்கத்து நகர்களில் முதல் குறுக்குத் தெருவும் இரண்டாம் குறுக்குத் தெருவும் திரும்பத் திரும்ப வருவதும் இவ்வட்டாரத்தில் சகஜம். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்க வந்து, இங்கே வாடகைக்குக் குடியிருந்து, அந்த விலாசத்தைக் கொடுத்துக் கடன் வாங்கி, இரண்டு வருஷத்தில் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ மாறிப் போய்விடுகிறவர்களும் அநேகர். கடன் கொடுத்தவர் அந்தப் பழைய விலாசத்தைப் போட்டு வழக்குத் தொடுக்க, சம்மன் எங்கெங்கோ சுற்றித் திரும்ப, பிரதிவாதி இல்லாமலே விசாரணை முடிந்து, பணத்துக்கு டிக்கிரியும் ஆகி, ஒரு நாள் காலையில் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்கும்போதோ, சம்பளத்தில் பிடித்தம் செய்யும்படி கம்பெனிக்கு உத்தரவு வரும்போதோதான், தம்மீது வழக்கு ஒன்று இருந்த விஷயமே அவருக்குத் தெரியவருகிறது. அப்படிப்பட்டவர் செய்யவேண்டிய காரியங்களைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

நியாயஸ்தலப் பேச்சில் 'எக்ஸ்பார்ட்டி டிக்கிரி' என்றும் சட்டத் தமிழில் ஒருதலைத் தீர்ப்பாணை என்றும் சொல்லப்படும் இது, இரு தரப்பும் வாதாடிப் பிறந்த தீர்ப்பாணைக்குப் பலத்தில் அணுவளவும் குறைந்ததன்று. பன்னிரண்டு வருஷம் வரையில் அதை நிறைவேற்றும்படி வாதி மனுப் போடலாம்; வீட்டை ஜப்தி செய்யலாம்; வங்கிக் கணக்கை முடக்கலாம். ஆகையால், 'எனக்குத் தெரியாமல் வாங்கிய தீர்ப்பு என்னை எப்படிக் கட்டும்?' என்று வீட்டிலிருந்தபடியே நியாயம் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. மறுபுறத்தில், கெட்டது குடி என்று கலங்குவதற்கும் காரணமில்லை. 1908 ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9 ஆவது கட்டளை 13 ஆவது விதி, வராமற்போனதற்குத் தக்க காரணம் காட்டுகிற பிரதிவாதிக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நடைமுறைச் சட்டம் என்பது நியாயம் நடைபெறுவதற்கு வசதி செய்யும் கருவியேயன்றி மனிதரை இடறிவிழச் செய்யும் கண்ணியல்லவென்று, 1955 இல் சங்கராம் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் செய்த நிர்ணயத்தை இன்றைக்கும் நம் வக்கீல்கள் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவின் வழியாக நுழைகிறவர் கையில் இருக்கவேண்டியது கண்ணீரன்று, தேதிகள். தேதி சரியாயிருக்கும் மனு பெரும்பாலும் பிழைக்கிறது. தேதியை மழுப்பும் மனு பெரும்பாலும் விழுகிறது.

முதல் வேலை: கட்டைப் பார்ப்பது

அமீனாவிடம் வாக்குவாதம் செய்வதும், வாதியின் ஆளிடம் மன்றாடிப் பாதித் தொகையைக் கொடுத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் திரும்புவதும், இந்தச் சமயத்தில் ஜனங்கள் சாதாரணமாய்ச் செய்கிற இரண்டு காரியங்கள், இரண்டும் வேண்டாதவை. வந்தவரிடம் உள்ள உத்தரவில் நீதிமன்றத்தின் பெயர், அசல் வழக்கின் எண், நிறைவேற்று மனுவின் எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றைத் தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; முடிந்தால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விஷயம் தெரியவந்த தினத்துக்கு அதுவே சாட்சி.

எந்த நீதிமன்றம் என்பதை உங்கள் குடியிருப்பைக் கொண்டு ஊகிக்கக்கூடாது. கொட்டிவாக்கத்தில் வசிப்பவர்மீது, பணம் தியாகராய நகரில் கைமாறியது, பத்திரம் மயிலாப்பூரில் கையெழுத்தானது என்று சொல்லி, உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கலாம். வேறிடத்தில் தொடுத்திருக்கவும் கூடும். எந்த நீதிமன்றம் டிக்கிரி கொடுத்ததோ அங்கேதான் அதை நீக்கும் மனுவும் போடவேண்டும். கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்கள் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் ஜில்லாவையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரால் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணுமாக உள்ள சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால், வாய்தாக்களின் வரிசை முழுவதும் கண்முன் வந்துவிடும். பெயரை இங்கிலீஷில் எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறுவதால், இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுவது உத்தமம்.

பிறகு ஒரு வக்கீலைக் கொண்டு வழக்குக் கட்டைப் பார்வையிட்டு, தீர்ப்பு, தீர்ப்பாணை, வழக்குரை, வாதியின் நிரூபண வாக்குமூலம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்மன் திரும்பி வந்த அறிக்கை, தபால் உறை, ஒப்புகை அட்டை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பிக்கவேண்டும். தீர்ப்பு நகலை மாத்திரம் வாங்கிக்கொண்டு திருப்தியடைந்துவிடும் வக்கீல்களும் உண்டு. அவர்களிடம் நயமாகவேனும் வற்புறுத்திச் சம்மன் அறிக்கையின் நகலை வாங்கச் செய்யுங்கள். மனுவின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

கட்டைப் பார்த்த பிறகு, டிக்கிரி இன்னும் ஆகவில்லை, ஆஜராகாத காரணத்தால் 'செட் எக்ஸ்பார்ட்டி' என்று மாத்திரம் குறித்து வாதியின் சாட்சியத்துக்காக வாய்தா போட்டிருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் அதிருஷ்டம். அப்போது 7 ஆவது விதியின்படி அடுத்த வாய்தாவிலேயே ஆஜராகி, வராததற்கு நல்ல காரணம் சொல்லி, பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்த அனுமதி கிடைக்காவிட்டாலும், எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தாரோ அந்தக் கட்டத்திலிருந்து மேற்கொண்டு கலந்துகொள்ளும் உரிமை பிரதிவாதிக்கு உண்டென்பதுதான் மேலே சொன்ன 1955 ஆம் வருஷத்து வழக்கின் சாரம்.

காரணம் இரண்டே

டிக்கிரி ஆகிவிட்டதென்றால் 13 ஆவது விதியே கதி. அது அங்கீகரிக்கிற காரணங்கள் இரண்டே: சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை, அதாவது சேர்ப்பிக்கப்படவில்லை, என்பது ஒன்று, சார்பு செய்யப்பட்டிருந்தும், வழக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்ட தினத்தில் ஆஜராக முடியாதபடி போதுமான காரணம் ஒன்று தடுத்தது என்பது மற்றொன்று. கடன் வாங்கவில்லை என்பதோ, வட்டி அநியாயம் என்பதோ இவ்விரண்டில் எதிலும் சேராது. அவையெல்லாம் கதவு திறந்த பிறகு உள்ளே பேசவேண்டிய பேச்சு.

முதற்காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கவேண்டும். சம்மனைப் பிரதிவாதியின் கையிலேயே கொடுப்பது பொது விதி. அவர் வீட்டில் இல்லாமலும், நியாயமான காலத்துக்குள் வருவாரென்று எதிர்பார்க்க முடியாமலும் இருந்தால், அவரோடு கூடவே வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினர் ஒருவரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்பத்தினர் ஆகமாட்டார் என்று 5 ஆவது கட்டளையின் 15 ஆவது விதி வெளிப்படையாகவே சொல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த நம் பகுதியில், வாசற்காவலர் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜை அறையில் வைத்து மறந்துபோன சம்மனின் கதையை இந்த விதியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். வாங்க மறுத்தாலும், தேடியும் ஆள் அகப்படாவிட்டாலும், வாசற்கதவில் ஒரு நகலை ஒட்டிவிட்டு, எந்தச் சந்தர்ப்பத்தில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், பக்கத்திலிருந்த சாட்சி யார் என்ற விவரங்களை எழுதித் தரவேண்டியது சம்மன் கொண்டுபோனவரின் கடமை. அந்த அறிக்கை பிரமாணத்தோடு வராவிட்டால், நீதிமன்றம் அவரை நேரிலேயே விசாரிக்கவேண்டும். ஆகையால் அறிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்கவேண்டியது, பழைய எண்ணுக்குப் போனாரா புதிய எண்ணுக்குப் போனாரா, யார் வீட்டைக் காட்டினார், சாட்சி கையெழுத்து உண்டா இல்லையா என்பவைதாம். 'அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் ஆளில்லை' என்று ஒரே வரியில் முடிந்த அறிக்கையின்மேல் நின்ற டிக்கிரி ஆட்டம் காணக்கூடியது.

தபாலில் போன சம்மன் வேறு விதம். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பிய உறையைச் சார்பு ஆனதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். அது பொய்க் குறிப்பு என்று காட்டும் பாரம் உங்களுடையது. அந்தத் தினத்தில் வேற்றூரில் இருந்ததற்கு ரயில் டிக்கெட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, கம்பெனி வருகைப் பதிவோ இருந்தால் அது பேசும். வெறும் மறுப்புப் பேசாது. 'குடிபோய்விட்டார்' என்ற குறிப்போ உங்களுக்கு அனுகூலம். அதற்குமேல் வாதி என்ன முயற்சி செய்தார் என்று கேட்க இடம் தருகிறது.

இரண்டு வழியும் பலிக்காதபோது, பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார் என்றோ, வேறு காரணத்தால் சாதாரண முறையில் சார்பு செய்ய இயலாதென்றோ நீதிமன்றம் திருப்தியடைந்தால், அவர் கடைசியாக வசித்ததாகத் தெரிகிற வட்டாரத்தில் உலவும் தினசரிப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் செய்ய உத்தரவிடலாம். பெங்களூருக்குப் போய்விட்டவர் சென்னைப் பத்திரிகையின் உட்பக்கத்துச் சட்ட அறிவிப்புகளை ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டிருப்பார் என்பது சட்டம் செய்துகொள்கிற கற்பனை. அந்தக் கற்பனைக்கு ஓர் எல்லையையும் சட்டமே வகுத்திருக்கிறது. 1963 ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின் 123 ஆவது இனத்துக்கு உள்ள விளக்கம், பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வகைச் சார்பை, இந்த மனுவைப் பொறுத்தவரையில் முறையான சார்பாகக் கருதக்கூடாதென்கிறது. இதன் பலனை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1976 ஆம் வருஷத்துத் திருத்தம் 13 ஆவது விதியில் சேர்த்த நிபந்தனைப்படி, சார்பு செய்ததில் ஏதோ முறைக்கேடு இருந்தது என்ற ஒன்றை மாத்திரம் வைத்து டிக்கிரியை நீக்க முடியாது. வாய்தாத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்ததென்று நீதிமன்றம் கண்டால், மனு தள்ளுபடிதான். வாதிக்கு வாட்ஸப்பில் 'கேஸ் போட்டிருக்கிறீர்களாமே' என்று செய்தி அனுப்பிவிட்டு, வழக்கே தெரியாதென்று பிரமாணம் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணத்துக்கு உதாரணங்கள் எல்லாரும் அறிந்தவை: வியாதி, மரணம், விபத்து, வக்கீலின் தவறு. இங்கே பார்க்கப்படுவது, வழக்கு அழைக்கப்பட்ட அந்த ஒரு தினத்தில் வராததற்குக் காரணம் உண்டா என்பதே. அதற்கு முன்னால் எத்தனை வாய்தா வாங்கினார் என்ற பழங்கணக்கன்று. ஸ்ரீவாஸ்தவா என்பவர் வழக்கில் 2000 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு வகுத்திருக்கிறது. வக்கீலின் அஜாக்கிரதைக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கலாகாது என்பதற்கு 1981 இல் ரஃபிக் வழக்கில் கிடைத்த தீர்ப்பு ஆதாரம். ஆனாலும் 'என் வக்கீல் சொல்லவில்லை' என்ற வாசகத்தை நீதிபதிகள் நித்தமும் கேட்டுச் சலித்திருப்பதால், எந்தத் தேதியில் அவரைக் கடைசியாகச் சந்தித்தீர்கள், எப்போது போன் செய்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதைச் சொல்லாமல் பழியை மாத்திரம் சுமத்துகிற மனுவுக்கு மதிப்பில்லை.

முப்பது நாள்

மனுப் போடுவதற்குக் கெடு முப்பது நாள். சம்மன் முறைப்படி சார்பு ஆகியிருந்தால், டிக்கிரித் தேதியிலிருந்து. ஆகாதிருந்தால், டிக்கிரியைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து. பத்திரிகை விளம்பரத்தின்மேல் டிக்கிரியானவருக்கும் இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும் என்பதுதான் மேலே சொன்ன விளக்கத்தின் பலன். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல், தெரியவந்த பதினைந்தாம் நாளில் ஓடி வந்தவரும், ஏதோ பெருங்குற்றம் செய்தவர்போல நானூறு நாள் தாமதத்தை மன்னிக்கும்படி கெஞ்சி மனுவெழுதி, சம்மன் சார்பு ஆனதைத் தாமே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிக்கும்படி செய்துகொள்கிறார்.

கெடு தாண்டியது நிச்சயமென்றால், காலவரம்புச் சட்டத்தின் 5 ஆவது பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் கூடவே போடவேண்டும். நாட்கணக்கு பிசகக்கூடாது. மார்ச் 3 ஆம் தேதி டிக்கிரி என்றால், அந்த நாளை விலக்கி, ஏப்ரல் 2 ஆம் தேதியோடு கெடு முடிகிறது. ஜூலை 20 ஆம் தேதி மனு தாக்கலானால் தாமதம் 109 நாள். நடுவில் வரும் மே மாத விடுமுறையைக் கழித்துக்கொள்ள முடியாது; கெடுவின் கடைசி நாளே விடுமுறையில் விழுந்தால்தான், திறக்கும் நாளில் தாக்கல் செய்யும் சலுகை உண்டு. தெரியவந்த தேதியை நம்பி மனுப் போடுகிறவர்களும், 'கெடு கடக்கவில்லையென்பதே என் வாதம். கடந்துவிட்டதென்று நீதிமன்றம் கருதினால் அதை மன்னிக்கவேண்டும்' என்று மாற்று வேண்டுகோளாக ஒரு மன்னிப்பு மனுவைச் சேர்த்து வைப்பது விவேகம்.

எவ்வளவு தாமதம் வரையில் மன்னிப்பார்கள் என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. இதற்கு உத்தரமாக நம் மாகாணத்திலிருந்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றிருக்கிறது. பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்று 1998 இல் பதிவான அந்த வழக்கு கடன் வழக்கன்று, சொத்துரிமை வழக்கு. ஆயினும் அதன் நியாயம் எல்லா ஒருதலை டிக்கிரிகளுக்கும் பொருந்தும். பிரதிவாதி ஒருதலை டிக்கிரியை நீக்க மனுப் போட்டார். வக்கீலின் அசிரத்தையால் அந்த மனுவும் ஆஜரின்றித் தள்ளுபடியாயிற்று. அது தெரிந்து அவர் மறுபடி வந்தபோது 883 நாள் கழிந்திருந்தன. விசாரணை நீதிமன்றம் மன்னித்தது. சென்னை உயர் நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ், தாமதத்தின் நீளம் பொருட்டல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று சொல்லி, பத்தாயிரம் ரூபாய் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் நிபந்தனையின்மேல் அவரை உள்ளே விட்டார். இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு 883 நாளுக்குள் இருக்கிறோமென்று தைரியமாய்த் தூங்குகிறவர்கள் அதன் மறுபாதியையும் படிக்கவேண்டும். அந்த மனிதர் தம் வக்கீல்மீது நுகர்வோர் மன்றத்தில் வழக்காடி, நஷ்டஈட்டு உத்தரவும் பெற்றிருந்தார். அவருடைய விளக்கத்துக்குப் பின்னால் காகிதம் இருந்தது. காகிதமில்லாத தாமதம் இருபது நாளானாலும் தள்ளுபடியாவதுண்டு.

வாக்குமூலம்

மனுவோடு வைக்கும் பிரமாண வாக்குமூலம் உங்கள் வார்த்தையாயிருக்கவேண்டும். மஞ்சள் காமாலையால் படுத்திருந்ததாகவும், நாட்டு வைத்தியம் செய்துகொண்டதாகவும் நூற்றுக்கணக்கான வாக்குமூலங்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போல வந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்த வியாதியின் பேரைக் கேட்டாலே நீதிபதிகள் முகம் சுளிக்கும் ஸ்திதி உண்டாகிவிட்டது. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை, சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் தமிழில் தொகுத்து வெளியிட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது; இன்னமும் தமக்குப் புரியாத இங்கிலீஷ் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குறுக்கு விசாரணையில் விழிக்கிற கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வாக்குமூலத்துக்குத் தடை ஏதுமில்லை, கேட்டு வாங்குங்கள்.

வாக்குமூலத்தின் உயிரான பத்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்: 'வழக்குரையில் கண்ட கொட்டிவாக்கம் விலாசத்தில் நான் இன்ன ஆண்டு இன்ன மாதம் வரையில் வாடகைக்குக் குடியிருந்து, பின்னர் இன்ன ஊரில் இன்ன விலாசத்துக்கு மாறிவிட்டேன், வாடகை ஒப்பந்தமும், ஆதாரில் விலாசம் மாற்றிய நகலும் இத்துடன் உள்ளன. சம்மன் அறிக்கையில் வீட்டில் இருந்ததாகச் சொல்லப்படும் நபரை நான் அறியேன். என் சம்பளத்தில் பிடித்தம் செய்யும்படி வந்த உத்தரவை இன்ன தேதியில் என் கம்பெனி எனக்குத் தெரிவித்தபோதே டிக்கிரியைப் பற்றி முதன்முதலில் அறிந்தேன். இன்ன தேதியில் கட்டைப் பார்வையிட்டு, இன்ன தேதியில் நகலுக்கு விண்ணப்பித்து, இன்ன தேதியில் பெற்று, இன்று மனுத் தாக்கல் செய்கிறேன்.' இதில் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தேதியோ தஸ்தாவேஜோ பின்னணியில் நிற்கிறது.

இதற்கு அடுத்தாற்போல, வழக்கில் உங்களுக்கு எதிர்வாதம் ஒன்று உண்டென்பதையும் சுருக்கமாகக் காட்டுங்கள். விதி அதைக் கட்டாயமாகக் கேட்கவில்லையென்றாலும், வெறுங்கையோடு வந்து காலம் கடத்துகிறவரா, சொல்ல வார்த்தையுள்ளவரா என்று நீதிபதியின் மனம் எடைபோடத்தான் செய்யும். கடன் வழக்குகளில் உண்மையான எதிர்வாதங்கள் சிலவே. புரோநோட்டு எழுதி மூன்று வருஷத்துக்குமேல் ஆகி, இடையில் எழுத்தில் ஒப்புக்கொண்டதோ கொஞ்சம் செலுத்திக் குறிப்பெழுதியதோ இல்லையென்றால், வழக்கே காலவரம்பைத் தாண்டியது. தொகையில் செலுத்தியது வரவு வைக்கப்படாதிருக்கலாம். வங்கிக் கணக்கே அதற்குச் சாட்சி. வெற்றுப் புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு மனம்போனபடி தொகையை நிரப்பினார்கள் என்பது நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் முறையீடு, பெரும்பாலும் வாஸ்தவமும்கூட. ஆனால் முத்திரையிட்ட வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அதை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே செலாவணி முறிச் சட்டத்தின் 20 ஆவது பிரிவு கருதுகிறது; பணம் கைமாறியதென்ற அனுமானமும் 118 ஆவது பிரிவின்படி பத்திரத்தை வைத்திருப்பவர் பக்கமே. ஆகவே அந்த வாதத்தை எடுப்பவர், எவ்வளவு வாங்கினார், எப்போது வாங்கினார், யார் முன்னிலையில் என்பதை மனம் திறந்து சொல்வதே நலம். வாங்கியதையே மறுத்துவிட்டுப் பிறகு வட்டியைப் பற்றிப் புலம்புவது எடுபடாது.

வேறு வழிகள்

ஒருதலை டிக்கிரியின்மேல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96 ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி மேல்முறையீடும் செய்யலாம். தீர்ப்பைப் படித்துப் பார்க்கும்போது, 'வாதி விசாரிக்கப்பட்டார், ஆவணங்கள் குறியிடப்பட்டன, வழக்கு நிரூபணமாயிற்று' என்று மூன்று வரியில் முடிந்திருந்தால் இது பலமான வழி. ஒருதலை விசாரணையானாலும் நீதிமன்றம் காரணங்களோடுகூடிய தீர்ப்பு எழுதவேண்டுமென்று, மீனாட்சிசுந்தரம் டெக்ஸ்டைல்ஸ் எதிர் வள்ளியம்மாள் டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மேல்முறையீடு தகுதியின்பேரில் முடிந்துவிட்டால், அப்புறம் 13 ஆவது விதி மனு நிற்காது. மனு முதலில் தள்ளுபடியானால் தகுதியின்மேல் மேல்முறையீடு செய்ய இடமுண்டு. ஆகையால் மனுவை முன்னே நடத்துவதே என் அபிப்பிராயம்.

37 ஆவது கட்டளைப்படி நடந்த சுருக்க விசாரணையானால் இந்த அத்தியாயத்தின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அங்கே சம்மன் கிடைத்த பத்து நாளில் ஆஜராகவேண்டும். டிக்கிரியை நீக்க 'விசேஷ சந்தர்ப்பங்கள்' காட்டவேண்டும். வழக்காட அனுமதி பெறத்தக்க எதிர்வாதமும் கூடவே இருக்கவேண்டுமென்று 2003 இல் உச்ச நீதிமன்றம் ரஜனி குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. இருபது லட்சத்துக்குக் குறையாத வங்கிக் கடன்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும், பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனிப் பிணக்குகள் சீட்டுப் பதிவாளருக்கும் உரியவை. அவற்றின் மார்க்கம் வேறு.

தடையும் நிபந்தனையும்

நீக்கும் மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். அதற்கு டிக்கிரித் தொகையில் ஒரு பகுதியைக் கட்டும்படி உத்தரவாவது சாதாரணம். அதுவரையில் உங்களுக்குள்ள காப்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் டிக்கிரிக்காகச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. பணத்துக்கான டிக்கிரியில் பெண்களைக் கைது செய்ய முடியாது. சக்தியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்க மறுக்கிறவரையன்றி, இல்லாதவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாதென்பது, 1980 இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் நிலைநாட்டிய தர்மம்.

மனுவின்மேல் வாதிக்கு நோட்டீஸ் கொடுக்காமல் எந்த டிக்கிரியும் நீக்கப்படாது. ஆகையால் முதல் நாளிலேயே முடிவை எதிர்பார்க்கவேண்டாம். அனுமதிக்கும்போது செலவுத் தொகை, டெபாசிட் முதலிய நிபந்தனைகள் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனை உத்தரவில் கண்ட தேதிக்குள் பணம் கட்டத் தவறினால் மனு தானாகவே தள்ளுபடியாகும்படி பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். கெடுவை நீட்டிக் கேட்டாலும் மொத்தத்தில் முப்பது நாளுக்குமேல் 148 ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. கட்ட முடியாத தொகையை வக்கீல் ஒப்புக்கொள்ளும்போது பேசாமலிருந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் பலர். நீதிமன்ற அறையிலேயே, இவ்வளவுதான் முடியும் என்று சொல்லிவிடுங்கள். 13 ஆவது விதி மனு தள்ளுபடியானால் 43 ஆவது கட்டளைப்படி மேல்முறையீடு. தாமத மன்னிப்பு மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு.

அனுமதி கிடைத்தால், டிக்கிரியின்பேரில் ஏற்கெனவே வசூலான தொகையை 144 ஆவது பிரிவின்படி திருப்பிக் கேட்கலாம். ஆனால் கடன் தீர்ந்துவிடவில்லை. வழக்கு முதலிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவே. பதிலுரையைத் தயாராக வைத்திருந்து அன்றைக்கே தாக்கல் செய்யுங்கள்; இரண்டாம் முறை எக்ஸ்பார்ட்டி ஆனவருக்கு மூன்றாம் முறை கதவு திறப்பது அபூர்வம். வாங்கிய பணம் வாஸ்தவமாயிருந்து தொகையில் மாத்திரம் தகராறு என்றால், மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே சமரசமானால் வாதி கட்டிய கோர்ட்டுக் கட்டணம் அவருக்குத் திரும்புவதால், வட்டியில் விட்டுக்கொடுக்க அவருக்கும் மனம் வரும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987 ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் கிடைப்பார். இவர்களில் வசதியின்மையை மாத்திரம் காட்டிக் கேட்கிறவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. சென்னையில் அந்த ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.